பிரேக் பட்டை

2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவே கரை ஏறியது. மூன்றாம் நாள்தான் பேராவூரணிப் பக்கம் இருக்கும் எங்கள் ஊருக்குப் போய்ச் சேர முடிந்தது. தோப்புக்குள் நுழைய வழியில்லை. இரண்டு ஏக்கரில் நூற்று நாற்பது தென்னை இருந்த இடம். நின்றுகொண்டிருந்தவை பதினேழு. மற்றதெல்லாம் ஒரே திசையில் தலைவைத்துப் படுத்துக்கிடந்தன. அப்பா வரப்பில் உட்கார்ந்து அந்தப் பதினேழையும் எண்ணிக்கொண்டே இருந்தார்.

விழுந்த தென்னையை அப்படியே போட்டுவைக்க முடியாது. மட்கத் தொடங்கும் தண்டில் காண்டாமிருக வண்டு முட்டையிடும். புழு அங்கேயே வளரும். வண்டாகி வெளியே வந்ததும் நிற்கிற மரத்தின் குருத்தைத் துளைக்கும். ஆக, மிச்சமிருக்கும் பதினேழைக் காப்பாற்ற வேண்டுமென்றால் போன நூற்றிச் சொச்சத்தை சீக்கிரம் அறுத்து வெளியேற்ற வேண்டும். அரசாங்கம் மரம் ஒன்றுக்கு 600 ரூபாய் நிவாரணம், வெட்டி அகற்ற 500 ரூபாய் என்று அறிவித்தது. வட்டாரத்தில் எல்லோரும் அந்த 500க்குள் வேலையை முடிக்கப் பார்த்தார்கள். வெளியூரிலிருந்து வந்த அறுப்பு மெஷின்காரர்களுக்கு ஊர் ஊராக வரிசை. எங்கள் முறை வர மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அப்பா பொறுக்கவில்லை. 7,000 ரூபாய்க்குச் சற்று மேல் கொடுத்து ஒரு செயின்சா வாங்கிவந்தார். 58 சிசி இன்ஜின், 22 அங்குல பார். கடையில் இருந்ததிலேயே நீளமானது. விலை கம்மி, ஆள் பெரிசு. அந்த மாதத்தில் டெல்டாவில் பாதிப்பேர் கையில் அதுமாதிரி ஒன்று இருந்தது.

அறுக்க வந்தவர் எங்கள் தோப்பில் இருபது வருடமாகத் தேங்காய் பறித்தவர். எனக்கு அண்ணன் முறை. மரத்துக்கு இவ்வளவு என்று பேச்சு. முதல் இரண்டு நாள் நன்றாகத்தான் ஓடியது. மூன்றாம் நாள் மெஷின் திடீர் திடீரென்று செயினை நிறுத்திக்கொண்டது. இன்ஜின் உறுமும், செயின் நகராது, பக்கவாட்டில் புகை வரும்.

"தம்பி, என்னன்னு பாருங்க. அரை நாளு போச்சு" என்று சொல்லிவிட்டுச் சாப்பிடப் போனார்.

இரண்டு நட்டைக் கழற்றி மூடியை எடுத்தேன். உள்ளே, மூடியின் உட்புறத்தில், ஒரு மெல்லிய எஃகுப் பட்டை வளையமாக இருந்தது. கிளட்ச் டிரம்மைச் சுற்றி உட்காரவேண்டிய பட்டை. அது இறுகிப் போயிருந்ததால் மூடியைத் திரும்ப டிரம்மின் மேல் மாட்டவே முடியவில்லை. அரை மணி நேரம் போராடினேன். பிறகு பட்டையைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு மூடியை மாட்டினேன். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆனது. செயின் ஒருமுறைகூட நிற்கவில்லை. பில்டு உடைகிறதென்று டெஸ்ட்டை கமெண்ட் செய்துவிட்டு வீட்டுக்குப் போகும் ஆட்களை அலுவலகத்தில் நான் திட்டியிருக்கிறேன். அன்று அந்த நினைப்பே வரவில்லை.

அண்ணன் திரும்பிவந்து ஒரு தண்டை அறுத்துப் பார்த்தார். "படிச்ச புள்ளன்னா சும்மாவா" என்றார்.

நான் கழற்றியது என்ன, அது எப்படி அந்த இடத்துக்கு வந்து சேர்ந்தது என்பதையெல்லாம் பிறகுதான் படித்தேன்.

இன்ஸ்டாகிராமில் ஒரு ரீல் அடிக்கடி சுற்றும். செயின்சாவை எதற்காகக் கண்டுபிடித்தார்கள் தெரியுமா, பிரசவத்துக்காக, என்று. பாதி உண்மை. 18ஆம் நூற்றாண்டின் கடைசியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் இருவர், ஜான் எய்ட்கனும் ஜேம்ஸ் ஜெஃப்ரேயும், பாக்கெட் கடிகாரச் சங்கிலி போன்ற ஒன்றில் பல் வைத்து, இரண்டு முனையிலும் கைப்பிடி போட்டு, கையால் இழுத்து அறுக்கும் கருவியைப் பயன்படுத்தினார்கள். குழந்தை சிக்கிக்கொள்ளும் பிரசவத்தில் இடுப்பெலும்பின் முன்பக்க இணைப்பைப் பிரிப்பதற்கும், நோய் பிடித்த மூட்டெலும்பை எடுப்பதற்கும். மயக்க மருந்து வருவதற்கு அரை நூற்றாண்டுக்கு முந்தைய காலம். 1830இல் ஜெர்மனியின் வூர்ட்ஸ்பர்க்கில் பெர்ன்ஹார்ட் ஹைனே செய்த எலும்பு ரம்பம் இன்னும் நெருக்கம். ஒரு பட்டையைச் சுற்றிப் பல் வைத்த சங்கிலி ஓடும். பின்னால் இருக்கும் கைப்பிடியைச் சுற்றினால் அறுக்கும். அதன் படத்தையும் இன்றைய செயின்சா படத்தையும் பக்கத்தில் வைத்தால் தாத்தாவும் பேரனும் மாதிரி இருக்கும். ஹைனேயின் கவலை ஒன்றே ஒன்று: எலும்பு சிதறாமல் அறுபட வேண்டும், சுற்றியிருக்கும் சதைக்கு ஒன்றும் ஆகக்கூடாது.

மரத்துக்காக அதே வடிவத்தைச் செய்தவர்களுக்கு அந்தக் கவலை வர நெடுநாள் ஆயிற்று.

1926இல் ஸ்டுட்கார்ட்டில் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் மின்சாரத்தில் ஓடும் மர ரம்பத்தைச் செய்தார். 1927இல் எமில் லெர்ப் தன் பெட்ரோல் ரம்பத்தை துரிங்கியாவின் டோல்மார் மலையில் ஓட்டிப் பார்த்தார். அந்த மலையின் பெயரே பிறகு கம்பெனியின் பெயரானது. 1929இல் ஸ்டீலும் பெட்ரோலுக்கு வந்தார். இவையெல்லாம் நாற்பது கிலோவுக்கு மேல். இரண்டு பேர் தூக்க வேண்டும். ஒருவர் இன்ஜின் பக்கம், இன்னொருவர் பாரின் நுனியில் இருக்கும் கைப்பிடியில். நம் ஊரில் இரண்டு பேர் எதிரெதிரே உட்கார்ந்து இழுத்த பெரிய வாளில் இன்ஜினை மாட்டியதுபோல. இந்த இரண்டாவது ஆள் பின்னால் முக்கியமாகப் போகிறார், ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் ரம்பங்கள் வருவது நின்றதும் அமெரிக்காவும் கனடாவும் சொந்தமாகச் செய்யத் தொடங்கின. போர் முடிந்த கையோடு இரண்டு தடைகள் உடைந்தன. முதலாவது, பல். அதுவரை செயினில் இருந்தது கைவாளின் பல்தான். அது மரத்தைச் சுரண்டும், சீக்கிரம் மழுங்கும், அரம் போட்டே பொழுது போகும். 1946இல் ஓரிகன் மாநிலத்தில் ஜோசப் பியூஃபோர்ட் காக்ஸ் என்பவர் விறகு பிளந்துகொண்டிருந்தபோது மரத்துக்குள் ஒரு வண்டின் புழுவைப் பார்த்தார். ஆள்காட்டி விரல் அளவு. நார்ப்போக்கு, குறுக்கு என்று பாராமல் மரத்தைத் தின்றுகொண்டு போகிறது. அதன் இரண்டு தாடைகளும் இடதும் வலதுமாக மாறி மாறிச் சீவின. காக்ஸ் அந்தத் தாடையின் வடிவத்தில் பல் செய்தார், ஒன்று இடம் பார்த்து, அடுத்தது வலம் பார்த்து. சுரண்டல் போய்ச் சீவல் வந்தது. 1947இல் விற்கத் தொடங்கிய அந்தச் செயினின் அடிப்படை இன்றுவரை மாறவில்லை. வண்டுப் புழுவுக்குப் பயந்து நாங்கள் வாங்கிய மெஷினின் பல், இன்னொரு வண்டுப் புழுவின் வாய்.

இரண்டாவது, கார்புரேட்டர். பழைய கார்புரேட்டரில் மிதவை இருக்கும். சாய்த்தால் இன்ஜின் நின்றுவிடும். சவ்வு வைத்த கார்புரேட்டர் வந்தபின் மெஷினை எப்படித் திருப்பினாலும் ஓடியது. எடை மளமளவென்று இறங்கியது. 1949இல் மெக்கல்லக் கம்பெனி 25 பவுண்டு ரம்பம் ஒன்றைக் கொண்டுவந்தது. சுமார் 11 கிலோ. அடுத்த வருடம் ஸ்டீலின் ஒற்றை ஆள் ரம்பம். இரண்டாவது ஆளுக்கு வேலை போயிற்று.

அவரோடு இன்னொன்றும் போயிற்று. பாரின் நுனியை இப்போது யாரும் பிடித்திருக்கவில்லை.

நுனியில் நடப்பதைக் கொஞ்சம் மெதுவாகச் சொல்ல வேண்டும். செயின் பாரின் மேல்பக்கத்தில் முன்னோக்கி ஓடுகிறது, நுனியில் வளைந்து கீழிறங்குகிறது, அடிப்பக்கத்தில் நம்மை நோக்கித் திரும்புகிறது. அடிப்பக்கத்தால் அறுத்தால் மெஷின் மரத்தோடு ஒட்டிக்கொள்ளும், நல்லது. நுனியின் மேல் கால்வட்டம் எதிலாவது பட்டால் கதை வேறு. பல் அங்கே கடிக்க முடியாமல் மாட்டிக்கொள்கிறது. செயினுக்குப் போக வழியில்லாததால் மொத்த பாரும் மேலே, பின்னால், பிடித்திருப்பவரை நோக்கி எகிறுகிறது. எங்கள் மெஷினுக்கு நானே கணக்குப் போட்டுப் பார்த்தேன். ஏழு பல் ஸ்ப்ராக்கெட் ஒரு சுற்றுக்குச் செயினைப் பதின்மூன்று சென்டிமீட்டருக்குச் சற்று மேல் இழுக்கும். நிமிடத்துக்கு 10,000 சுற்று. வினாடிக்கு 22 மீட்டர். மணிக்கு 80 கிலோமீட்டர். கையை எடுக்கலாமா என்று மூளை யோசிப்பதற்குள் எல்லாம் முடிந்திருக்கும். இரண்டு பேர் பிடித்த காலத்தில் நுனியில் ஒரு ஆளின் எடை இருந்தது. எகிறினால் அவரையும் தூக்கிக்கொண்டுதான் எகிற வேண்டும்.

ஆனால் முதலில் கவனத்துக்கு வந்த கேடு இது அல்ல. விரல்.

1918இலேயே அமெரிக்காவின் இந்தியானாவில் சுண்ணாம்புக் கல் செதுக்குபவர்களை ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் சோதித்திருந்தார். காற்றழுத்தச் சுத்தியல் பிடிப்பவர்களுக்குக் குளிர்காலக் காலையில் விரல்கள் வெளுத்து உணர்வற்றுப் போயின. காரணம் அதிர்வு. நாற்பது வருடம் கழித்து அதே விரல்கள் காட்டில் முளைத்தன. 1950களில் ஒற்றை ஆள் ரம்பத்தை வாங்கிக் குவித்த ஜப்பானின் அரசுக் காடுகளில், தொழிலாளர்களின் விரல்கள் மெழுகுபோல வெளுத்தன. ஹகுரோ-ப்யோ, வெள்ளை மெழுகு நோய் என்றே பெயர் வந்தது. பீடி பற்றவைக்க முடியாது, சட்டைப் பொத்தான் போட முடியாது. 1960களில் அங்கே அது தொழில்நோயாக ஏற்கப்பட்டது. சங்கம் போராடியது. ஒரு ஆள் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் செயின்சா பிடிக்கக்கூடாது என்று வரம்பு வந்தது. அதே பத்தாண்டில்தான் கைப்பிடிக்கும் இன்ஜினுக்கும் நடுவே ரப்பரையோ ஸ்பிரிங்கையோ வைத்து அதிர்வை உறிஞ்சும் அமைப்பைக் கம்பெனிகள் கொண்டுவந்தன. ரப்பர் துண்டு நான்கு. வேகத்தைக் கூட்டுவதற்கு இருந்த அவசரம் இதற்கு இருக்கவில்லை, அவ்வளவுதான்.

எகிறலுக்குப் பதில் 1970களின் தொடக்கத்தில் வந்தது. 1972இல் ஸ்டீல், 1973இல் ஸ்வீடனின் ஹஸ்க்வார்னா. முன்கைப்பிடிக்கு முன்னால் நிற்கிறதே, கையை மறைக்கும் தட்டு மாதிரி ஒன்று, அதுதான் நெம்புகோல். மெஷின் எகிறும்போது இடது மணிக்கட்டு அதில் மோதும், அது முன்னால் சாயும், ஸ்பிரிங் ஒன்று விடுபடும், உள்ளே ஒரு எஃகுப் பட்டை கிளட்ச் டிரம்மை இறுக்கிப் பிடிக்கும். கண்ணிமைக்கும் நேரத்தில் செயின் நின்றுவிடும். பிறகு வந்த வகையில் கைகூட மோத வேண்டியதில்லை. எகிறலின் வேகத்தில் தட்டு தன் எடையாலேயே சாய்ந்துகொள்ளும்.

ஒரு எஃகுப் பட்டை. நான் ஓரமாக எடுத்துவைத்தது அதைத்தான். மெஷின் அடிக்கடி நின்றதற்குக் காரணமும் எளிது. கட்டைகளை இழுத்துப்போடும்போது தட்டு எங்காவது இடித்துச் சாய்ந்திருக்கிறது. அதைத் தன்பக்கம் இழுத்தால் 'டக்'கென்று விடுபட்டிருக்கும். மூடியைக் கழற்றுவதற்கு முன் இழுத்திருந்தால் பட்டையும் இறுகியிருக்காது. மூன்று வினாடி வேலை.

ஒன்பதாம் நாள். தண்டுகள் ஒன்றின்மேல் ஒன்றாகக் கிடந்த இடம். அண்ணன் மேல் தண்டை அறுத்துக்கொண்டிருந்தார். தென்னந்தண்டு ஒரு அடி தடிமன், பார் 22 அங்குலம். மிச்ச பத்து அங்குலம் அந்தப்பக்கம் அவர் கண்ணுக்குத் தெரியாமல் நீட்டிக்கொண்டிருந்தது. பின்னால் மட்டைக்குள் இன்னொரு தண்டு கிடந்திருக்கிறது. நான் பார்த்தது மெஷின் அவர் தோளில் இருந்ததைத்தான், நடுவில் நடந்தது எதுவும் தெரியவில்லை. இடது தோள். முப்பத்தொரு தையல். எலும்பு தப்பியது, தசை தப்பவில்லை. இன்றைக்கும் அந்தக் கை தலைக்கு மேல் முழுதாகப் போகாது. தேங்காய் பறிப்பவருக்குக் கை தலைக்கு மேல் போகாவிட்டால் என்ன மிச்சம்? அப்பா ஆஸ்பத்திரிச் செலவைக் கொடுத்தார், ஆறு மாதக் கூலியையும் கொடுத்தார். பட்டையைப் பற்றி நான் யாரிடமும் வாய் திறக்கவில்லை. நிற்கிற பதினேழு மரத்துக்கும் இப்போது வேறொருவர் ஏறுகிறார்.

வரலாற்றைப் படிக்கப் படிக்க ஒரு கேள்வி குடைந்தது. சாதாரண நாளில் மெஷின் மக்கர் செய்தால் அண்ணன் 'நாளைக்குப் பாப்போம்' என்றிருப்பார். அன்று ஏன் அரை நாள் அவ்வளவு பெரிதாகத் தெரிந்தது? எனக்குப் பதில் கிடைத்த இடம் ஸ்வீடன். அங்கே காட்டுத் தொழிலாளிக்குக் கூலி, வெட்டிய அளவுக்கு. பிரேக், ஹெல்மெட், பயிற்சி எல்லாம் வந்த பிறகும் ஆட்கள் குறுக்குவழியில் போனார்கள், ஏனென்றால் நின்ற ஒவ்வொரு நிமிடமும் அவர்கள் பையிலிருந்து போனது. 1975இல் பெரிய வேலைநிறுத்தம் செய்து மாதச் சம்பளத்துக்கு மாறினார்கள். வெட்டும் அளவு குறைந்தது, விபத்துகளும் குறைந்தன. அதே ஆட்கள், அதே ரம்பம், அதே காடு. எங்கள் தோப்பில் மரத்துக்கு இவ்வளவு என்று பேசியது யார்? நாங்கள்தான். பட்டையை நான் கழற்றினேன், ஆனால் அது தொந்தரவாகத் தெரிந்ததே அந்தப் பேச்சால்தான். இதைச் சொல்லி என் பங்கைக் குறைத்துக்கொள்ள முடியாது என்பதும் தெரியும்.

2022இல் புதிதாக ஒன்று வாங்க வேண்டியிருந்தது. காய்ந்துபோன வேம்பு இரண்டு, வேலியோரம் கருவை. அண்ணன்தான் இப்போது தோப்பு மேற்பார்வை. மாதச் சம்பளம். அவரையும் கூட்டிக்கொண்டு போனேன்.

நான் ஒரு தாளில் குறித்து வைத்திருந்தேன். 40 சிசி சுற்றி இருந்தால் போதும். பார் 16 அங்குலம். இரண்டு ஏக்கர் தோப்பில் அதைவிடப் பெரிய மரம் வந்தால் ஆள் வைத்து அறுத்துக்கொள்ளலாம். நீளமான பார் என்பது கண்ணுக்கு எட்டாத நுனி. கைப்பிடிக்கு நடுவில் ரப்பர் அல்லது ஸ்பிரிங் இருக்கிறதா, அமுக்கிப் பார்த்தால் தெரியும். பின்கைப்பிடியின் அடி அகலமாக இருக்கிறதா, அறுந்த செயின் வலது விரல்களில் அடிக்காமல் இருக்க. பாருக்கு அடியில் செயினைப் பிடிக்கும் சின்னக் கொக்கி இருக்கிறதா. மேலே உள்ள பூட்டையும் சேர்த்து அமுக்கினால்தான் ஆக்ஸிலரேட்டர் நகர்கிறதா. எல்லாம் யாரோ ஒருவருக்கு விரலோ காலோ போன பிறகு வந்து ஒட்டிக்கொண்டவை. கால்சட்டை ஒன்றும் எடுத்தேன். அதற்குள் இருப்பது கவசம் அல்ல, நீள நீளமான நார். செயின் பட்டதும் நார் உருவி வந்து ஸ்ப்ராக்கெட்டில் சுற்றி மெஷினை மூச்சடைக்க வைக்கும். தென்னை நாரில் செயின் சிக்கி நின்று பார்த்த எங்களுக்கு அதை யாரும் விளக்க வேண்டியிருக்கவில்லை. நம்ம ஊர் வெயிலில் அதைப் போட்டுக்கொண்டு நிற்பது நரகம்தான். முக்கால் மணி நேரம் அறுப்பு, கால் மணி நேரம் நிழல் என்று வைத்துக்கொண்டோம். மாதச் சம்பளத்தில் அது முடியும்.

வாங்குவதைவிடப் பிடிப்பதில்தான் அண்ணன் கெட்டி. தரையில் வைத்து, பின்கைப்பிடிக்குள் காலை விட்டு மிதித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்கிறார். தொங்கவிட்டு இழுப்பதில்லை. இடது கட்டைவிரல் கைப்பிடியைச் சுற்றி அடியில் போகிறது. தோளுக்கு மேல் தூக்குவதில்லை. அவருக்கு அது முடியவும் முடியாது. பாருக்கு நேர்கோட்டில் தலையை வைப்பதில்லை, சற்று இடதுபக்கம் ஒதுங்கி நிற்கிறார். அறுக்கும் முன் அந்தப்பக்கம் போய்ப் பார்த்துவிட்டு வருகிறார், ஒவ்வொரு தடவையும். தூள் வந்தால் நிறுத்தி அரம் எடுக்கிறார், சீவலாக வரும்வரை. மழுங்கிய செயினை அமுக்கி அறுப்பவன்தான் சறுக்குவான். சாய்ந்த மரத்தில் எந்தப் பக்கம் இறுக்கம், எந்தப் பக்கம் இழுவை என்று வளைவைப் பார்த்தே சொல்லிவிடுவார். அமுங்கும் பக்கத்தில் ஆழமாகப் போனால் பார் மாட்டிக்கொள்ளும். புயலில் வேரோடு சாய்ந்த வேம்பை, மாவை அறுக்கும்போது வேர்ப்பக்கம் யாரும் நிற்கக்கூடாது. தண்டின் பாரம் போனதும் வேர்க்கட்டு திரும்ப எழுந்து குழிக்குள் உட்கார்ந்துவிடும். இதை எந்தப் புத்தகமும் அவருக்குச் சொல்லவில்லை, கஜாவில் அவர் கண்ணால் பார்த்தது.

கடையில் அவர் மெஷினைக் கையில் வாங்கிக்கொண்டதும் முதலில் தொட்டது முன்னால் இருந்த அந்தத் தட்டை. முன்னே தள்ளினார். 'டக்'. செயினை இழுத்துப் பார்த்தார், நகரவில்லை. தன்பக்கம் இழுத்தார். 'டக்'. நகர்ந்தது.

"இது எதுக்கு தம்பி?"

சொன்னேன். எகிறினால் பிடித்துக்கொள்ளும் என்றேன்.

இன்னொருமுறை தள்ளினார், இழுத்தார்.

"அந்தப் பழைய மெஷின்ல இது இருந்துச்சா?"

கடைக்காரர் பில் புத்தகத்தோடு உள்ளே போயிருந்தார்.

"இருந்துச்சுண்ணே. நீங்க சாப்புடப் போனப்ப நாந்தான் உள்ள இருந்த பட்டையக் கழட்டிட்டேன். மூடி மாட்ட முடியல."

அவர் என்னைப் பார்க்கவில்லை. தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். வலது கையால் மெஷினைத் தரையில் வைத்தார்.

"ஸ்டார்ட் பண்ணுங்க" என்றார். "ஓடும்போது புடிக்குதான்னு பாக்கணும்."